இன்னும் ஒண்ணு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. பிணவறைக்குப் பக்கத்து அறையில் தனியாக டியூட்டி பார்த்தவள். அங்கே ஒரு நாள்கூட எனக்குப் பயம் வந்ததில்லை. பயம் வந்தது என் சொந்த வீட்டில். பட்டப்பகலில்.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "எடை தூக்கிப் பழகுங்க. முதுகு தானா வழிக்கு வரும்," என்றார். ஜிம்முக்குப் போக என் ஷிஃப்ட் ஒத்துவராது. வீட்டில் பின்னறை காலியாகக் கிடந்தது. எடை தூக்கும் சாமான்களை அங்கேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். மலிவான எடை பிளேட்டுகளைக் கையில் எடுத்தால் மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமெண்ட். இரண்டு முறை கீழே போட்டால் பொடியாகிவிடும். நல்ல இரும்பாக வாங்கலாம் என்றால் விலை தலையைச் சுற்றியது. "பழசு பாருங்க அண்ணி. இரும்பு என்ன ஊசிப்போற பண்டமா?" என்றான் என் கொழுந்தன். வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தான். ஃபோனில் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் காட்டியதும் அவன்தான்.

எடை மாட்டும் ராடு, பிளேட்டுகள், படுத்துத் தூக்கும் பெஞ்ச், ராடு வைக்கும் ஸ்டாண்டு, எல்லாம் சேர்த்துப் புதுசுக்கு ஆகும் விலையில் கால்வாசி. எனக்கு அப்போதே சந்தேகம். ராடு வளைந்திருக்குமோ, பெஞ்சில் வெல்டிங் விட்டிருக்குமோ என்று. நேரில் போய் ராடைத் தரையில் உருட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லாமல் நேராக உருண்டது. பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆட்டினேன். முனகக்கூட இல்லை. விற்றவருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல தேகக்கட்டு. இதையெல்லாம் கைவிடுகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

"ஏன் சார் விக்கிறீங்க?"

"இடம் பத்தல."

அந்த ஹாலில் ஒரு காரை நிறுத்தலாம்.

"தனியாவா தூக்குவீங்க?" என்று கேட்டார்.

"ஆமா. வீட்ல வேற யாருக்கும் இதுல ஆர்வம் இல்ல."

தலையை மட்டும் ஆட்டினார். சாமானை வேனில் ஏற்றி முடிக்கிற வரை வாசல் பக்கம் வரவே இல்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மத்தியானம் டியூட்டி முடிந்து வந்ததும் அரைமணி நேரம் தூக்குவேன். முடித்ததும் ராடில் பக்கத்துக்கு ஐந்து கிலோ பிளேட்டை மாட்டி, ஸ்டாண்டில் வைத்துவிட்டு வருவேன். அது என் பழக்கம்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் பக்கத்துக்குப் பத்து கிலோ இருந்தது.

"என்னையா சந்தேகப்படுற? தண்ணி கேனைத் தூக்கவே உன்னைக் கூப்பிடுற ஆளு நான்," என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். அவர் காலையில் அச்சகத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

மிச்சம் இருந்தது கொழுந்தன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் திறந்தேன். மறுபடியும் பத்து கிலோ. பெஞ்சின் தலைமாட்டில், தரைத் தூசியில், இரண்டு பாதத் தடம். பெரிய பாதம். விரல்கள் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தன.

மாற்றுச் சாவி செய்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, தூக்கணும்னா சொல்லிட்டுத் தூக்கு. இந்தத் திருட்டுத்தனம் எதுக்கு?"

"நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல அண்ணி."

"அப்ப பிளேட்டுக்குக் கால் முளைச்சிருக்கா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதை நீங்கதான் சொல்லணும்," என்றான்.

சுருக்கென்று தைத்தது. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். தின்ற சோற்றைச் சொல்லிக்காட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் மாலையே பையைத் தூக்கிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அண்ணனிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. "என் தம்பி பொய் சொல்றவன் இல்ல," என்றார் இவர், நான் நடந்ததைச் சொன்னதும். அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

ஆனால் அவன் போனதிலிருந்து பிளேட்டுகள் மாறவில்லை. ஐந்து கிலோ ஐந்து கிலோவாகவே இருந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று மனதுக்குள் ஒரு நிம்மதி.

அடுத்த வியாழக்கிழமை. மணி இரண்டு நாற்பது. வீட்டில் நான் மட்டும். பின்னறைக் கதவை உள்ளே தாழ் போட்டேன். பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். ராடை எடுத்து நெஞ்சு வரை இறக்கி, ஏற்றினேன். ஆறு முறை சுலபமாகப் போனது. ஏழாவது பாதியில் நின்றுவிட்டது.

சட்டென்று ராடு லேசானது.

பாரமே இல்லாமல் மேலே போனது. கண்ணை உயர்த்திப் பார்த்தேன்.

ராடின் நடுவில் விரல்கள். என் இரண்டு கைகளுக்கும் இடையில்... இன்னும் இரண்டு கைகள்.

இவர்தான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். "எப்ப வந்தீங்க?" என்றேன்.

விரல்கள் ராடை விடவில்லை.

தாழ் போட்டது ஞாபகம் வந்தது.

"இன்னும் ஒண்ணு."

தணிந்த குரல். என் உச்சந்தலைக்கு மேலே. கோபம் இல்லை. ஆசையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

ராடை ஸ்டாண்டில் வைக்கப் பார்த்தேன். விரல்கள் அதை முன்னால் இழுத்தன.

"போதும்," என்றேன்.

"இன்னும் ஒண்ணு."

இறங்கியது. ஏற்றினேன். மறுபடியும் இழுத்தன.

"இன்னும் ஒண்ணு."

எத்தனை முறை என்று தெரியாது. தோள் எரிந்தது. கத்தினேன்... சத்தம் வரவில்லை.

பிறகு, கைகள் விட்டுவிட்டன.

ராடு கழுத்தில் வந்து விழுந்தது.

மூச்சு இல்லை.

கண் இருட்டியது.

ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. தனியாகத் தூக்குகிறவர்கள் ராடின் முனையில், பிளேட் கழலாமல் பிடிக்கிற கிளிப்பை மாட்டக்கூடாது என்று படித்திருந்தேன். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ராடை ஒரு பக்கம் சாய்த்தேன். பிளேட்டு சறுக்கித் தரையில் விழுந்தது. டமார்! மறுபக்கப் பாரம் ராடையே தூக்கி எறிந்தது. எழுந்தேன்.

யாரும் இல்லை.

தாழ் போட்டபடியே இருந்தது.

கீழே விழுந்த பிளேட்டைப் பார்த்தேன். நான் மாட்டியது ஐந்து கிலோ. விழுந்து கிடந்தது இருபது.

அன்று இரவு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசவில்லை. மறுநாளே சாமானை வேனில் ஏற்றி, விற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கதவைப் பாதி திறந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"கழுத்துலயா?"

இவர் எகிறினார். அவர் அசையவில்லை. "காசு வேணா திருப்பித் தர்றேன். அது மட்டும் வேண்டாம்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அங்கிருந்து நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனோம். எங்கள் கண் முன்னாலேயே ராடைக் கேஸ் தீயால் மூன்று துண்டாக வெட்டச் சொன்னேன். பெஞ்சையும் வெட்டினார்கள். பின்னறையில் இப்போது துணி காயப்போடுகிறோம்.

கொழுந்தனுக்கு ஃபோன் செய்ய எனக்குப் பல நாள் ஆனது. வெட்கம். ஒரு வழியாகப் பேசினேன்.

"தம்பி, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வா."

அவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, கோச்சுக்காதீங்க. அந்த மாஸ்டர் இன்னும் வர்றாரா?"

"எந்த மாஸ்டர்?"

"மத்தியானம் உங்களுக்குத் தூக்கக் கத்துக்கொடுப்பாரே. தலைமாட்டுல நிப்பாரே. சந்துல வண்டி நிறுத்தும்போது ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். நீங்க அண்ணன்கிட்ட அவரைப் பத்திச் சொன்னதே இல்ல. அதான் நான் வேற மாதிரி நினைச்சு... எதுக்கு வம்புன்னு கிளம்பிட்டேன்."

"முகம் எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"முகம் தெரியல அண்ணி. எப்பவும் குனிஞ்சு உங்களையேதான் பார்த்துட்டு இருப்பார்."

அவனே மேலும் சொன்னான்.

"போன ஞாயித்துக்கிழமை மனசு கேக்காம வீடு வரைக்கும் வந்தேன். வாசல் கேட் பக்கத்துலயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"நீங்க சமையல்கட்டு ஜன்னல்கிட்ட பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க. அவர் உங்க பின்னாடியே நின்னுட்டு இருந்தார். உங்க ரெண்டு தோளுக்கு மேலயும் கையை நீட்டிக்கிட்டு..."

ராடை வெட்டியது அதற்கு முந்தைய மாதம்.