டேப் ஒட்டிய பட்டன்

பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் பாகங்களைப் பொருத்தும் வேலை எனக்கு. என் மேசையில் பாகங்களை அழுத்திப் பொருத்தும் பழைய பிரஸ் இயந்திரம் இருந்தது, அதற்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே சிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இடது பட்டன் என் தோள் உயரத்தில் இருந்தது. நாள் முழுக்க எட்டி எட்டி அழுத்தியதில் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். யாருக்கும் தெரியாமல் அந்தப் பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டிவிட்டேன். அதன் பிறகு வலது பட்டனை மட்டும் தொட்டாலே பிரஸ் இறங்கியது.

ஒரு நாள் நான் கழிவறைக்குப் போன நேரத்தில் பக்கத்து மேசைக் கலா என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால், இடது கையை உள்ளே விட்டு, சாய்ந்த பாகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது முழங்கை வலது பட்டனில் படப்போனது.

"கலா, கையை எடு!"

அவள் இழுத்துக்கொள்ளவும் பிரஸ் இறங்கவும் சரியாக இருந்தது. கையுறையின் நுனி மட்டும் மாட்டிக்கொண்டது. கலா விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு பட்டன்லதானே அக்கா பட்டுச்சு, எப்படி இறங்குச்சு?"

டேப்பைப் பிய்த்து நானே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டித் தீர்த்துவிட்டு, "தோள் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா!" என்றார். அன்றே பட்டனை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார்கள். அரை மணி நேர வேலைதான். வலி போனதும் என் வேகமும் கூடியது.

இப்போதெல்லாம் எங்கே வலித்தாலும் அன்றே சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பார்க்கிறேன். பிரஸ் அசையாமல் நின்ற பிறகுதான் கலாவின் முகத்தைப் பார்க்க முடிகிறது.

— ஒரு வாசகி, ஈசூன்