மூன்றாவது பிளஸ் வன்

தரையிலிருந்து கடலுக்குக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் மத்தியானம் பத்து மணிக்கே தொடங்கிவிடும். நாலு மணி வரைக்கும் ஒரே நீளத் தூக்கம்தான். துறைமுகத்தில் கப்பல்கள்கூடக் கண்ணயர்ந்த மாதிரிக் கிடக்கும். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து வாசல் படலையில் முகத்தை வைத்து, நான் போடுகிற வாழைப்பழத் தோலுக்காகக் காத்து நிற்கும். அதற்கும் அவசரமில்லை. அப்படியொரு மத்தியானத்தில்தான் நான் பொய் வாக்குப் போட்டேன்.

வாக்கு என்றால் தேர்தல் அல்ல. சிறு படகுக்காரருக்கு இன்றைய, நாளைய காற்றையும் அலையையும் காட்டுகிற கைபேசிச் செயலி ஒன்றை, ஒருவரையொருவர் கண்டிராத சிலர் சம்பளமில்லாமல் எழுதுகிறோம். நிரல் எல்லாருக்கும் திறந்தது; யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் புதிய பதிப்பை வெளியே விட வாக்கெடுப்பு வேண்டும். பொறுப்பேற்றவர் மடல் போட்டதிலிருந்து எழுபத்திரண்டு மணித்தியாலம் அது திறந்திருக்கும். வாக்குரிமை உள்ளவர்களிடமிருந்து குறைந்தது மூன்று ‘பிளஸ் வன்’, அதாவது ‘சரி’ வாக்கு, விழவேண்டும். ‘வேண்டாம்’ என்கிற மைனஸைவிடப் பிளஸ் கூடுதலாக இருந்தால் போதும், ஒற்றை ஆள் மைனஸ் போட்டு மறிக்க முடியாது. பிளஸ் போடுகிறவர் நிரலை இறக்கி, சொந்தக் கணினியில் பில்ட் செய்து செயலியாக்கி, ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். என்னென்ன பார்த்தேன் என்று மடலில் வரிவரியாக எழுதவும் வேண்டும்.

எனக்கு அந்த வாக்குரிமை, செயலிக்கு நான் செய்த தமிழ்த் திரையால் கிடைத்தது. அந்தக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சல்லிக் கிராமத்தில் இருக்கும் என் தம்பி அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறான் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்வதில்லை.

அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு பிளஸ் விழுந்திருந்தது. ஒன்று பொறுப்பாளருடையது, குளிர் நாட்டுக்காரர், முற்றுப்புள்ளியைக்கூட இரண்டு தரம் பார்க்கிற மனிதர். மற்றது அவருக்குச் சற்றும் குறையாத ஒரு பெண்ணுடையது. என் கணினியோ தோசைக்கல்லாய்ச் சுட்டது. பில்ட் முடிய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். நம்பினார் கெடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முந்தைய பதிப்புக்கு எழுதிய மடலைத் திறந்து பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினேன். ‘இறக்கினேன். பில்ட் செய்தேன். கைபேசியில் திறந்து பார்த்தேன். பிளஸ் வன்.’ அனுப்பிவிட்டுச் சாய்வுக் கதிரையில் விழுந்தேன். கனவில் குடாவின் நடுவே மூன்று மிதவைகள் அழகாக ஆடிக்கொண்டிருந்தன. கிட்டப்போய்ப் பார்த்தால் கீழே வலை இல்லை.

பின்னேரம் தம்பி மீனோடு வந்தான்.

“அக்கா, புதுசு வருதெண்டு சொன்னீங்க. பாத்தனீங்களோ?”

“ஓம், பாத்தனான்.”

“அப்ப சரி.”

முகம் தெரியாதவர்களிடம் எழுதிய பொய் குத்தவில்லை. இந்த ‘அப்ப சரி’ குத்தியது.

விடிந்ததும் முதல் வேலையாகப் பில்ட் செய்தேன். கைபேசியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கச்சான் முதுகில் அடித்தது. என் சால்வை கடலைப் பார்த்துப் பறந்தது. செயலியில் இன்றைய காற்றைத் திறந்தேன்; காற்று போகிற பக்கத்தைத்தான் எங்கள் அம்பு காட்டவேண்டும். திரையில் அது கரையைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆங்கிலத் திரைக்கு மாற்றினேன்; அம்பு கடலுக்குத் திரும்பியது. தமிழுக்கு மாற்றினேன், மறுபடி கரை. இதை நம்புகிற ஒருவன், காற்றே கரைக்குக் கொண்டுவந்து விடும் என்று குறைந்த மண்ணெண்ணெயோடு போவான். கச்சான் அவனை வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

வாக்கெடுப்பு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. இப்போதுதான் கண்ணில் பட்டது என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கைபேசியில் திறந்து பார்த்தேன் என்று என் மடலே சொல்கிறதே. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? வாக்குரிமை போனால் போகட்டும் என்று அந்த மணலிலேயே உட்கார்ந்து எழுதினேன். ‘நேற்று நான் எழுதிய எதையும் நான் செய்யவில்லை. தமிழ்த் திரையில் அம்பு தலைகீழாக நிற்கிறது. என் பிளஸை எடுத்துவிடுங்கள். மைனஸ் வன்.’

ஒரு மணித்தியாலத்துக்குள் பொறுப்பாளர் வாக்கெடுப்பை நிறுத்தினார். அடியில் ஒரு வரி இருந்தது: ‘தமிழ்த் திரையை நானும் திறக்கவில்லை. நீங்கள் பார்ப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.’ சற்றுப் பிந்தி அந்தப் பெண்ணும் அதையே எழுதினாள். நான் அவர்களை நம்பினேன், அவர்கள் என்னை நம்பினார்கள். சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. என் வாக்குரிமையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

தம்பிக்குச் சொல்வதுதான் பாரமாக இருந்தது. அடுத்த நாள் குசினியில் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன். அவன் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான்.

“இண்டைக்கு அடிக்கிற காத்து எனக்கே தெரியும் அக்கா. நாளைக்கு அடிக்கப்போறதுக்குத்தான் உங்களைக் கேக்கிறனான்.”

சாப்பிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அவன் ஏசியிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

திருத்திய பதிப்புக்குப் புதிய எழுபத்திரண்டு மணித்தியாலம் திறந்தது. இந்த முறை முதல் ஆளாகப் பில்ட் செய்து, ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்தேன். பிறகு சல்லிக் கரைக்குப் போனேன். தம்பி படகடியில் நின்றான்.

“புதுசு,” என்றேன்.

பாத்தனீங்களோ என்று அவன் கேட்பான் என நின்றேன். ஓம் என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. அவன் கேட்கவில்லை. கைபேசியை என் கையிலிருந்து வாங்கி, காற்றுக்கு நேரே பிடித்து, தானே பார்த்தான்.