அண்ணியின் குடல் செல்கள்

இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த சிறு குழாயின் அடியில், அரிசிக் குருணை அளவில் இரண்டு சதைத் துணுக்குகள் கிடந்தன. என் அண்ணியின் பெருங்குடலிலிருந்து எடுத்தவை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில், குடலில் குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை ஆராய்வது என் வேலை. கிருமியை விரட்ட வேண்டிய அந்தச் செல்களே சிலருக்குக் குடலைப் புண்ணாக்கிவிடும். ரத்தத்தைப் பார்த்தால் அது சரியாகத் தெரியாது. சதையைக் கிள்ளித்தான் பார்க்க வேண்டும்.

பாடியில் பிறந்து, ஆவடி குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்தவர் அண்ணி. அவர் சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ரத்தப்போக்கு தொடங்கிய ஓராண்டுக்குள் அவருடைய வளையல்கள் முழங்கை வரை ஏறின. ஒவ்வொரு மருந்தும் சில வாரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. டாக்டர் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் முன், ஆய்வுக்கென்று கூடுதலாக இரண்டு துணுக்குகள் எடுக்கச் சம்மதம் கேட்டார். இதனால் அவருக்குப் பலன் இருக்காது என்றும் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். என் கைக்கு வருகிறதே, ஏதாவது வழி பிறக்காதா என்ற நம்பிக்கை.

மறுநாள் வார்டுக்குப் போனேன். “இன்னா தம்பி, அது இன்னும் உசுரோட கீதா?” என்றார்.

“இருக்கு அண்ணி. கதகதப்பா வெச்சு, சத்துத் தண்ணி ஊத்தியிருக்கோம்.”

“எனக்குக் கஞ்சிகூட எறங்கல. என்னைக் கொல்ற அதுக்குச் சோறு போட்டுகினு கீறியா நீ?”

சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணி அழுகை வந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எதுனா பண்ணுடா. பொண்ணு எட்டாவதுதான் படிக்குது” என்றார்.

எங்களிடமிருந்த மருந்துகளை அந்தச் செல்கள்மீது விட்டுப் பார்த்தேன். எதற்கும் அடங்கவில்லை. மிஞ்சியவற்றை உறையவைத்தேன். அந்த மாதமே அண்ணிக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. அறுவை செய்தும் காப்பாற்ற முடியவில்லை.

இந்த ஆண்டு புதிய மருந்து ஒன்றைச் சோதிக்க, உறையவைத்த பழைய செல்களை வெளியே எடுத்தோம். அண்ணியின் செல்கள் அடங்கின. உடன் வேலை செய்பவர்கள் கைதட்டினார்கள். நான் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் குமணன்சாவடி சிக்னலில் வண்டியோடு நின்றிருந்தார்.

சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப அவளுக்கும் கேட்டிருக்குமா?” என்றார்.

ஆய்வகத் தட்டில் அடங்கியது உடம்பிலும் அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. “தெரியாதுண்ணா” என்றேன்.

“அப்பறம் எதுக்குடா எனக்குப் போன் பண்ண?”

பச்சை விழுந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னாலிருந்த வண்டிகள் விடாமல் ஹாரன் அடிப்பது போனில் கேட்டது. அண்ணன் நகரவில்லை.