எடையோடு அளந்த சக்கரங்கள்

வீட்டில் அவளுக்குப் பாறாங்கல் என்று பெயர். வைத்தவன் அண்ணன், ஒட்டடைக்கோலுக்குச் சட்டை மாட்டியது போன்ற உடம்பு அவனுக்கு. அப்பாவின் பழைய காரில் குடும்பம் கிளம்பும்போதெல்லாம் பின்னிருக்கையின் நடுவில்தான் அவள் உட்கார வேண்டும். "ஓரமா உட்கார்ந்தா வண்டி சாயும்" என்பது அண்ணன் இயற்றிய சட்டம். ஜன்னலோரம் அவளுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

வளர்ந்தபின் ரொட்டிக்கூடம் ஒன்றில் மாவு பிசையும் வேலைக்குச் சேர்ந்தாள். இயந்திரம் மக்கர் செய்த நாள்களில், இருவர் பிசைய வேண்டிய மாவை ஒருத்தியாகவே பிசைந்து தள்ளினாள். கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். கண்ணை மூடுவதற்கு முன் அப்பா சொன்னது இதுதான்: "வண்டி ரெண்டு பேருக்கும். யாரு ஒழுங்கா ஓட்டுறாங்களோ அவங்க வெச்சுக்கட்டும்."

அந்த 'ஒழுங்கா'வை அண்ணன் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டான்.

காரின் ஸ்பிரிங்குகள் வயதேறித் தொய்ந்திருந்தன. "எல்லாம் உன் புண்ணியம்" என்றான். அவள் உயரம் குறைந்த விறைப்பான ஸ்பிரிங்குகளையும் புது ஷாக் அப்சார்பர்களையும் அகன்ற டயர்களையும் மாட்டினாள். பிறகு வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர், கார் புதிதாக வந்த காலத்துக் கையேட்டின்படி சக்கரங்களைத் திருத்தினார். கணினித் திரையில் எண்கள் அனைத்தும் கையேட்டோடு பொருந்திப் பச்சையாக நின்றன. சாலையிலோ, அவள் ஏறி உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கமாக இழுத்தது. முன்டயர்களின் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

"அப்பா வண்டியைக் குட்டிச்சுவராக்கிட்டே" என்றான் அண்ணன். "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். நேரா ஓடலேன்னா, பழைய ஸ்பிரிங்கை மாட்டி என் வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேன்."

"சரி. சனிக்கிழமை நீயும் கூட வா."

சனிக்கிழமை கார் மறுபடியும் கடையின் மேடையில் ஏறிற்று.

"கையேட்டு அளவு வேண்டாம்" என்றாள் கடைக்காரரிடம். "அது பழைய ஸ்பிரிங்குக்கும் ஒடுங்கின டயருக்கும் எழுதினது. ஸ்பிரிங் வித்தவர் சொன்ன அளவையே வைங்க."

அந்த அளவுப்படி முன்சக்கரங்களின் தலைப்பகுதி வெளியே சாயாமல் சற்றே உட்புறம் சாய வேண்டும். சக்கரம் திரும்பும் அச்சு இன்னும் கொஞ்சம் பின்னோக்கிச் சரிய வேண்டும். அப்படிச் சரிந்தால் கார் நேர்கோட்டை எளிதில் விடாது. ஆனால் ஸ்டீயரிங் கனக்கும்.

"அக்கா, திரை முழுக்கச் சிவப்பாயிடுமே!" என்றார் கடைக்காரர்.

"ஆகட்டும். நான் திரையையா ஓட்டப்போறேன்?"

"ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கும்."

"நான் பிசையுற மாவை நீங்க பார்த்ததில்ல."

கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னொண்ணு, அக்கா. இப்படி மாத்தின வண்டிக்கு, ஓட்டுறவங்க எடையை சீட்டுல வெச்சுட்டு அளக்கறதுதான் முறை. போன தடவை காலி வண்டியா அளந்துட்டேன். மணல் மூட்டை இருக்கு... எத்தனை வைக்கலாம்னு..." மீதியைத் தரையிடம் சொன்னார்.

"இருக்கற மூட்டை எல்லாத்தையும் வைங்க" என்று அண்ணன் முந்திக்கொண்டான். "பத்தலேன்னா பக்கத்துக் கடையில இரவல் கேப்போம்."

வேலையாட்கள் சிரிப்பை மென்று விழுங்கினர். அவளுக்குக் காது மடல் சுட்டது. பள்ளியில் எடை பார்க்கும் நாளெல்லாம் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டவள் அவள்.

"மூட்டை எதுக்கு? நான்தான் இருக்கேனே" என்றாள். "தொண்ணூத்தாறு கிலோ. கணக்குல வெச்சுக்குங்க." கடைசி மூலையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். கார் அவள் பக்கம் சற்றே தணிந்தது. திரையில் எண்கள் நகர்ந்தன.

"பாருங்க, திரையே பயந்துடுச்சு" என்றான் அண்ணன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "இந்த வித்தியாசம்தாங்க போன தடவை விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனருடன் காருக்கு அடியில் இறங்கினார். அவர் வேலையை முடிக்கும்வரை அவள் வியர்வையைக்கூடத் துடைக்காமல் அசையாதிருந்தாள். முடிந்தபோது திரை மேலிருந்து கீழ்வரை சிவந்திருந்தது.

சோதனை ஓட்டத்துக்குக் கடைக்காரர் முன்னிருக்கையில் ஏறிக்கொள்ள, அண்ணன் பின்னால் ஜன்னலோரம் சாய்ந்தான்.

"அண்ணா, நடுவுல உட்காரு."

"எதுக்கு?"

"ஓரமா உட்கார்ந்தா வண்டி சாயும்."

கடைக்காரர் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் முணுமுணுத்தபடி நகர்ந்து உட்கார்ந்தான்.

கடைவாசலில் ஸ்டீயரிங் கனக்கத்தான் செய்தது. மாவைப் புரட்டும் தோரணையில் அவள் அதைப் புரட்டினாள். ஊரைத் தாண்டி ஆளரவமற்ற நேர்ச்சாலை வந்ததும் விரல்களைச் சற்றே விரித்தாள். கார் இம்மியும் விலகாமல், நூல் பிடித்தாற்போல் ஓடிற்று. முழங்கால்கள் மோவாயில் இடிக்க, அண்ணன் அந்த விரல்களையே பார்த்திருந்தான்.

"சரிதான், வண்டியை நீயே வெச்சுக்க, பாறாங்கல்" என்றான் கடைசியில்.

"பாறாங்கல் ஏறினாத்தான் இது நேரா ஓடும். இறங்கினா ஓடாது. ஞாபகம் வெச்சுக்க."

கடைக்குத் திரும்பும் வளைவு வந்தது. "அக்கா, இங்கதான் திரும்பணும்" என்றார் கடைக்காரர். அவள் திரும்பவில்லை, நேராகவே போனாள்.