ஈசானிய மூலை ஜாக்கி

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். ஊரப்பாக்கத்தில் என் அண்ணன் வாங்கிப் போட்டிருக்கும் காலி மனையில் அன்று காலை இரண்டு காதும் கொதித்தன. இதை எழுதும்போதும் கொதிக்கின்றன.

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வெளியூர் என்றால் அவளுக்கு ஒரே கவலை, கழிவறை. ‘வீல்சேர் வசதி எல்லாம் உண்டு சார்’ என்று போனில் சத்தியம் செய்யும் லாட்ஜ்காரர்கள், நேரில் போனால் ஆட்களைக் கூப்பிட்டு, “அம்மாவத் தூக்குங்கப்பா” என்பார்கள். அவள் என்ன அரிசி மூட்டையா? அப்படித் தூக்கப்பட்டுத் திரும்பியவள், “இனிமே எங்கயும் வரல, என்னக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி, அதன்மேல் ஏற்றி இறக்கும்படி இரும்புலியூர் பட்டறையில் ஒரு பெட்டி செய்தேன். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, அவள் அளவுக்கு ஒரு கழிவறை. நாலு மூலையிலும் நாலு ஜாக்கி. போய்ச் சேர்ந்த இடத்தில் ஜாக்கிகளைச் சுற்றிப் பெட்டியை உயர்த்த வேண்டும். அடியிலிருந்து வண்டியை ஓட்டி எடுத்துவிட்டு, பெட்டியைத் தரைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டால், யார் கையும் படாமல் அவளே உள்ளே போய்க்கொள்ளலாம்.

அந்த மனையில்தான் வெள்ளோட்டம். அவளுக்குப் பிடித்தால் ஊர் சுற்றலாம். பிடிக்காவிட்டால் வீட்டு ஜன்னலே கதி. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அண்ணன், அண்ணியை வீட்டில் விட்டுவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடும், வாஸ்து பார்க்கப் போனில் திசைகாட்டியோடும் வந்தார்.

“வாசல் தெக்க பாக்குதேடா.”

“வண்டியத் திருப்பினா வடக்க பாக்கும்ணா.”

“விளையாடாத. ஈசானிய மூலை தாழ்ந்து இருக்கணும், கன்னி மூலை ஒசரமா இருக்கணும். நீ நாலு மூலையும் ஒண்ணா வெச்சிருக்க.”

“ஒண்ணா வெக்கத்தாண்ணா ஜாக்கியே.”

பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “இன்னா சார், வூட்டயே தூக்கினு வந்துட்டீங்க? உள்ள பாத்ரூம்லாம் கீதா?” என்றார். அவருக்காவது கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தது.

வண்டியை வெளியே எடுத்துப் பெட்டியை இறக்கி, ரசமட்டத்தை அதன் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை ஒவ்வொரு ஜாக்கியாகச் சரிசெய்தேன். அவள் தானே பலகையில் ஏறினாள். கழிவறைக்குள் போய் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வெளியே அவள் தாழ்ப்பாள் போட்டு எவ்வளவு காலமாயிற்று! என் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வண்டியை நிழலில் விடப் போனேன்.

வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவள் அலறினாள்.

ஓடிவந்து பார்த்தால், அண்ணன் வடகிழக்கு ஜாக்கியின் முன்னால் குந்தி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவள் கழிவறைக் கம்பியைப் பிடித்து எழும்பும் நேரம் பார்த்து, நாற்காலி பிரேக் போட்டபடியே வழுக்கிச் சுவரோரம் போய்விட்டது. “கம்பியில தொங்கறேன்” என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். தாழ்ப்பாளோ உள்ளே. அண்ணனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஜாக்கியைச் சுற்றினேன். பெட்டி மறுபடி மட்டமானதும், “நாற்காலிய எட்டி இழுத்துக்கிட்டேன்” என்று குரல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் கத்தியது ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும். “ஓடுற வண்டிக்கு எதுண்ணா ஈசானியம்? டோல்கேட்ல திரும்பினா உங்க ஈசானியமும் கூடத் திரும்புமா? மனுஷி உள்ள இருக்கான்னு கூடவா தோணல?”

“ரெண்டே சுத்துதான்டா. குடும்பத்துக்கு நல்லதுன்னுதான...”

நல்லது! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் யார் தலையிலும் கை வைக்கலாம் போலிருக்கிறது.

அவள் பலகை வழியாக இறங்கி வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. என்னைப் பார்த்து, “கத்தினது போதும்” என்றாள். அண்ணனுக்கு அது தெம்பாகிவிட்டது. பேச்சை மாற்ற, “மொத மொதல்ல எந்தக் கோயிலுக்கும்மா போறீங்க?” என்று கேட்டார்.

“உங்க வீட்டுக்குத்தான் மாமா” என்றாள். “வாசப்படி ஒத்தப்படையாத்தான் இருக்கணும், ரேம்ப் போட்டா வாஸ்து கெட்டுடும்னு சொல்லிட்டீங்க. அன்னியிலேருந்து நான் உங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. தெருவுல, உங்க கேட்டுக்கு வெளிய இந்தப் பெட்டிய எறக்கிட்டு உக்காந்துக்கறேன். அக்காவ எறங்கி வந்து என்னப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.”