தார்ப்பாய்க்கு அடியில் ஒரு எஸ்டீம்

ஆரம்பாக்கத்துச் சுமலதாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. மண் அள்ளும் இயந்திரங்களில் எண்ணெய் ஓடும் ஹோஸ் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதிப்பாள். கணவன் ஜெகன் கார் மெக்கானிக். இருங்காட்டுக்கோட்டைக் கார் பந்தயத்தில் ஓட்டும் ஆசையில் பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி எஞ்சினைப் பிரித்துக் கட்டினான். பிரேக்கில் கைவைப்பதற்குள் கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கார் களத்தோரம் தார்ப்பாய்க்குள் நின்றது.

விடுமுறை நாட்களில் அவள் அதன் ஓட்டுநர் சீட்டில் போய் உட்காருவாள். சீட்டில் அவன் தலையெண்ணெய் வாசனை இருந்தது. வர வர அதுவும் மங்கிக்கொண்டு வந்தது.

ஒருநாள் ஜெகன் போனில் சொன்னான்: "சும்மாதான நிக்குது சுமா. யாராவது கேட்டா குடுத்துடு."

சரி என்றாள். ஆனால் அடுத்த வாரமே கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போய், எஃகுக் கம்பி பின்னிய பிரேக் ஹோஸும் அதன் முனைகளுக்கான ஃபிட்டிங்குகளும் வாங்கி வந்தாள். பிரேக்கை அழுத்தினால் பழைய ரப்பர் ஹோஸ் உப்புகிறது, பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்று அவன் அலுத்துக்கொண்டது அவளுக்கு மறக்கவில்லை.

சக்கரம் முழுக்கத் திரும்பினாலும் ஹோஸ் எட்டும்படி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிவைத்து அளவெடுத்தாள். பின்னல் பிரியாமலிருக்க டேப் சுற்றி அறுத்தாள். உள்குழாயில் பித்தளை வளையத்தைச் செருகி ஃபிட்டிங்கை முறுக்கினாள். கம்பி குத்தி விரல்கள் எரிந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு, கம்பெனி மெஷினிலேயே சோதித்தாள். முதல் ஹோஸ் முனையில் கசிந்தது. வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தாள். அதுவும் மற்றவையும் தாங்கின. எல்லாவற்றையும் காரில் பூட்டினாள்.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாமியார் லட்சுமியம்மாளை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து இவள் சக்கரத்தருகே படுத்தாள்.

"அத்தே, அமுக்குங்க. அப்டியே புடிச்சிக்கினு இருங்க."

"அவன் வந்து செய்யமாட்டானா இத?"

"வர்ற அன்னிக்கு வண்டி ரெடியா இருக்கட்டும், அத்தே."

லட்சுமியம்மாள் பெடலில் காலை வைத்தாள். பிரேக் எண்ணெயில் குமிழிகள் வருவது நிற்கும்வரை மிதித்துக் கொடுத்தாள்.

புது பேட்டரி போட்டு, சுண்ணாம்புக்குளம் ரோட்டில் தானே ஓட்டிப் பார்த்தாள். ஆளில்லாத இடத்தில் வேகமெடுத்து மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. காலியாக இருந்த பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வயலோரம் நிறுத்திவிட்டு ஜெகனைக் கூப்பிட்டாள்.

செய்ததையெல்லாம் சொன்னாள். கேட்டுவிட்டு அவன், "பெடல் எப்டி இருக்குது?" என்றான்.

"நீயே வந்து மிதிச்சுப் பாரு."

"கான்ட்ராக்ட்ட இன்னொரு வருஷத்துக்குப் போட்டுட்டாங்க, சுமா."

வயலுக்கு அப்பால் ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"இன்னா சத்தம் அது, சூளூர்பேட்டை வண்டியா?" என்றான் ஜெகன்.

"ஆமா."

"கட் பண்ணாத. கேட்டு ரொம்ப நாளாச்சு. போன கொஞ்சம் வெளிய நீட்டு."

அவள் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். கடைசிப் பெட்டி போன பிறகும் கையை மடக்காமல் இருந்தாள்.