மூன்று கிலோ கூடிய வருடம்

இருபத்தாறு வயதுவரை என்னை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பட்டப்பெயரே ஒல்லிக்குச்சி. ஆனால் மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. தாடையில் முடி முளைத்தது. ஸ்கேன் பார்த்த பெண் டொக்டர், சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்.

"இது குண்டானவங்களுக்குத்தானே வரும்? நான் குண்டா இல்லையே, டொக்டர்?"

அவர் என்னை உடம்பின் கொழுப்பையும் தசையையும் அளக்கும் ஓர் இயந்திரத்தில் ஏற்றினார். எடை குறைவுதான், அதில் கொழுப்பு அதிகம், தசை போதாது. "பிறந்தபோது எத்தனை கிலோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அம்மா றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். அலுமாரியிலிருந்து என் பழைய கிளினிக் கார்டை எடுத்துக் கொடுத்தாள். பிறந்த எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

"அன்னிக்குக் காலையிலயும் பால் வெட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"ஏம்மா அப்படிப் போனீங்க?"

என் குரலில் இருந்த குற்றச்சாட்டு எனக்கே கேட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவளும் வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் டொக்டரிடம் சிங்களத்தில் கேட்டாள்: "இவளுக்கு இது வந்தது என்னாலயா?"

"அப்படி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறியதாகப் பிறந்த சிலருடைய உடம்பு கொழுப்பைச் சேர்த்துவைக்கும். அது உங்கள் குற்றமில்லை. இனி இவர் தசையை வளர்க்க வேண்டும்" என்றார் டொக்டர். பிறகு, "நீங்கள் பிறந்தபோது எத்தனை கிலோ?" என்று அம்மாவையும் கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டாள். "எங்களை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?"

வீட்டுக்குப் போகும் தெரணியகலை பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பினாள். "தசைன்னா பாரம் தூக்கணும். நாளையிலருந்து ரெண்டு பால் வாளியில தண்ணி நெரப்பித் தர்றேன். மேல் லயம்வரைக்கும் தூக்கிட்டுப் போ."

தினமும் மருந்துக்கடை வேலைக்குப் போகுமுன் தூக்கினேன். பிளேன்டீக்குச் சீனியை நிறுத்தினேன். முட்டையும் கடலையும் பருப்பும் கூட்டினேன். டொக்டர் தந்த மாத்திரையையும் விடவில்லை. "படிச்ச புள்ள, பாமசியில வேல செய்யுது, இதுக்கு என்னத்துக்கு வாளி?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் தோலுரிந்தது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு ஏறினேன். அம்மா கீழே நின்று, "முதுக நேரா வை!" என்று கத்தினாள்.

எட்டாவது மாதம் இயந்திரத்தில் ஏறியபோது மூன்று கிலோ கூடியிருந்தது. "குண்டாயிட்டேனா, டொக்டர்?" என்று கேட்டேன். டொக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கூடியது தசை, கொழுப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. மாதவிலக்கும் நாற்பது நாளுக்குள் வரத் தொடங்கியிருந்தது. தாடை முடி மட்டும் போகவில்லை. அதை நானே பிடுங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. "இன்னைக்கி லீவு எடுத்துக்கடி" என்றாள் அம்மா.

நான் எடுக்கவில்லை. வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.